ஸ்டார்ட்டர் பேனல் போர்டை நீங்களே வரைய எந்த சாஃப்ட்வேர் வாங்கலாம்?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். கோவையில் போர்வெல் மோட்டார்களுக்கு ஸ்டார்ட்டர் பேனல் செய்கிறீர்கள். அதற்குள், தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடுவதையும் (டிரை ரன்), மூன்று ஃபேஸில் ஒன்று போன பின்னும் ஓடுவதையும் (சிங்கிள் ஃபேஸிங்) தடுக்கும் பாதுகாப்பு போர்டை வெளியாள் ஒருவர் வரைந்து கொடுத்திருக்கிறார். ரிலே மாடல் மாறினாலும் சரி, ஒரு டெர்மினலை இரண்டு மில்லிமீட்டர் நகர்த்தினாலும் சரி, அவரிடம்தான் போக வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் 3,000 ரூபாயும் ஒரு வாரமும் போகிறது. இனி நீங்களே வரையலாம் என்று நினைக்கிறீர்கள், சாஃப்ட்வேருக்கு 15,000 ரூபாய் வரை செலவழிக்கத் தயார். நண்பர் ஒருவர் விலை உயர்ந்த சாஃப்ட்வேர் ஒன்றின் கிராக் காப்பி தருகிறேன் என்கிறாராம். எதை எடுப்பது?

சர்க்யூட் போர்டு வரையும் கீகேட் (KiCad) என்ற சாஃப்ட்வேரை எடுங்கள். அதற்கு ஒரு ரூபாய்கூடத் தேவையில்லை. கையில் இருக்கும் 15,000-ஐ எதில் போடலாம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். ஏன் கீகேட் என்பதற்கு முன்னால் ஒரு விஷயம் கேட்க வேண்டும். உங்கள் போர்டுக்கு இப்போது உங்கள் கையில் என்ன ஃபைல் இருக்கிறது?

கேள்வியோடு நீங்கள் அனுப்பிய படத்தில் தெரிந்தது ஒரு ஜிப் ஃபைல். அதில் இருப்பது கெர்பரும் டிரில் ஃபைலும் மட்டும்தான். போர்டு செய்து தரும் யூனிட்டுக்கு அது போதும். மேல் காப்பர் இப்படி, கீழ் காப்பர் இப்படி, ஓட்டை இங்கே என்று அது சொல்லும். ஆனால் இந்த டிராக் (காப்பர் கோடு) எந்த ரெசிஸ்டரிலிருந்து எந்தக் காலுக்குப் போகிறது என்ற விவரம் அதில் கிடையாது. கல்யாணப் பத்திரிகையின் பிரிண்ட் கையில் இருக்கிறது, அச்சகத்தில் கம்போஸ் செய்த ஃபைல் இல்லை என்பது மாதிரி. ஒரு பெயரை மாற்ற வேண்டுமென்றால் முழுதும் திரும்ப அடிக்க வேண்டும். கீகேட்டோடு வரும் கெர்பர் வியூவரில் கெர்பரைத் திறந்து போர்டு ஃபைலாக மாற்ற வழி உண்டு. ஆனால் கிடைப்பது வெறும் காப்பர் வடிவம், சர்க்யூட் கிடையாது.

இத்தனை நாள் நீங்கள் கொடுத்த காசு இதற்காகத்தான் போயிருக்கிறது. அவரை நான் குறை சொல்லவில்லை. ஸ்கிமேட்டிக்கும் (சர்க்யூட் படம்) போர்டு ஃபைலும் வேண்டும் என்று ஆரம்பத்தில் யாரும் கேட்பதில்லை, அவரும் தானாகக் கொடுப்பதில்லை. இப்போதாவது கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் பணம் கேட்டாலும் கொடுத்து வாங்கிவிடுங்கள். சாஃப்ட்வேர் தேர்ந்தெடுக்கும்போதும் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். ஐந்து வருஷம் கழித்து ஒரு பழைய பேனல் சர்வீஸுக்கு வந்தால், அந்த போர்டின் ஃபைலை யாரிடமும் கேட்காமல், யாருக்கும் காசு கட்டாமல் நீங்கள் திறக்க முடிய வேண்டும். விலையை அதற்கு அப்புறம்தான் பார்ப்பேன்.

ஈகிள் என்ற போர்டு வரையும் சாஃப்ட்வேரின் கதையைக் கேட்டால் இது ஏன் முக்கியம் என்று புரியும். 1988-ல் கேட்சாஃப்ட் என்ற ஜெர்மன் கம்பெனி கொண்டுவந்தது. ஒருமுறை வாங்கினால் போதும் என்பதால் சின்னக் கம்பெனிகளும் பொழுதுபோக்காகச் செய்பவர்களும் அதில்தான் பழகினார்கள். இணையத்தில் கிடைக்கும் பழைய திறந்த வடிவமைப்புகளில் பாதிக்கு மேல் ஈகிளில் இருக்கிற மாதிரிதான் எனக்குத் தோன்றும். 2016-ல் ஆட்டோடெஸ்க் அதை வாங்கியது. 2017-ல் சந்தா முறைக்கு மாற்றியது. 2023-ல், 2026 ஜூன் 7-ஓடு ஈகிள் நிறுத்தப்படும் என்று அறிவித்துவிட்டது. எல்லோரையும் தங்கள் இன்னொரு சாஃப்ட்வேரான ஃப்யூஷனுக்கு வரச் சொன்னார்கள். ஃப்யூஷனின் இலவசப் பதிப்பிலும் பழைய ஈகிள் இலவசப் பதிப்பில் இருந்த கட்டுப்பாடுகள்தான்: இரண்டு லேயர், ஸ்கிமேட்டிக் இரண்டு ஷீட், போர்டு 80 சதுர சென்டிமீட்டர். உங்கள் போர்டு 150-க்கு 100 மி.மீ என்று எழுதியிருக்கிறீர்கள். அதாவது 150 சதுர சென்டிமீட்டர், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. தவிர அந்த இலவசப் பதிப்பு தொழிலுக்கானதும் அல்ல. அதனால் அதை விட்டுவிடலாம்.

கீகேட்டை 1992-ல் தொடங்கியவர் ஜான்-பியேர் ஷராஸ், பிரான்ஸில் கிரெனோபிள் நகரத்துத் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றில் இருந்தவர். ரொம்ப காலம் அது பொறுமைசாலிகளுக்கான கருவியாகத்தான் இருந்தது. ஜெனிவாவில் இருக்கும் செர்ன் ஆய்வகம் தன் ஆட்களைப் போட்டு வேலை செய்ய ஆரம்பித்த பிறகு நிலைமை மாறியது. டிராக் போடும்போது குறுக்கே இருக்கும் டிராக்குகளைத் தானே தள்ளிவிட்டு வழி பண்ணும் ரூட்டர் அவர்கள் எழுதியதுதான். 2021 கடைசியில் வந்த 6-ஆம் பதிப்பிலிருந்து நான் இதைத் தயங்காமல் எல்லோருக்கும் சொல்லி வருகிறேன். 2025 பிப்ரவரியில் 9-ஆம் பதிப்பு வந்தது. போர்டு அளவுக்கு வரம்பு கிடையாது, காப்பர் லேயர் 32 வரை போகலாம். உங்களுக்கு இரண்டே போதும். தொழிலுக்குப் பயன்படுத்தத் தடையும் இல்லை. ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமம் சாஃப்ட்வேருக்குத்தான், நீங்கள் வரைந்த போர்டு உங்களுடையது. ராஸ்ப்பெரி பை கம்பெனி தன் கம்ப்யூட் மாட்யூல் 4-க்கான ஐஓ போர்டின் ஃபைலைக் கீகேட் வடிவத்திலேயே வெளியிட்டிருக்கிறது. இலவசம் என்றால் பொம்மை என்று யாராவது சொன்னால் அந்த போர்டைத் திறந்து காட்டுங்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது ஃபைல் எல்லாமே வெறும் எழுத்தாக இருப்பது. நோட்பேடில் திறந்தால் படிக்கலாம். ஒருவேளை நாளை கீகேட்டே இல்லாமல் போனாலும், பாகத்தின் கால் உட்காரும் ஒவ்வொரு பேடின் இடமும் டிராக்கின் அகலமும் எண்ணாகக் கண்ணுக்குத் தெரியும். உங்கள் வெளியாள் ஈகிளிலோ ஆல்டியத்திலோ வரைந்திருந்தால், அந்த ஃபைல்களையும் கீகேட் இறக்குமதி செய்யும். நூற்றுக்கு நூறு சரியாக வராது, ஆனால் முதலிலிருந்து வரைவதைவிட எவ்வளவோ மேல்.

ஈஸி ஈடிஏ பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஷென்ஜெனில் போர்டு செய்து கொடுக்கும் ஜேஎல்சி பிசிபி, பாகங்கள் விற்கும் எல்சிஎஸ்சி, இவற்றோடு சேர்ந்தது அது. பிரவுசரிலேயே திறந்து வரையலாம், இலவசம், பழகுவதற்குக் கீகேட்டைவிடச் சுலபம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பாகத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே விலையும் இருப்பும் தெரியும். ஒரு ஐடியாவைச் சட்டென்று செய்து பார்க்க, பாகங்களும் பொருத்தி ஐந்து போர்டு வரவழைக்க, அதைவிட வசதியானது இல்லை. ஆனால் உங்கள் வேலை அப்படிப்பட்டது இல்லை. மாதம் நூறு, நூற்றைம்பது போர்டு உள்ளூர் யூனிட்டில் அடிக்கிறீர்கள், பாகங்களைக் காந்திபுரத்திலோ சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ வாங்குகிறீர்கள், பொருத்துவதும் உங்கள் ஆட்கள். அதன் லைப்ரரியின், அதாவது பாகங்களின் தொகுப்பின், பெரிய பலம் உங்களுக்குப் பயன்படாது. பிரவுசர் வழியில் ஃபைல் அவர்கள் சர்வரில் இருக்கும். ப்ரோ பதிப்பில் கம்ப்யூட்டரிலேயே வைத்துக்கொள்ள வழி இருக்கிறது, அதைப் பயன்படுத்துவதென்றால் அப்படிச் செய்யுங்கள்.

டிப்டிரேஸ் நல்ல சாஃப்ட்வேர், மெனு எல்லாம் தெளிவாக இருக்கும். அதன் இலவசப் பதிப்பில் 300 பின், இரண்டு லேயர் என்று வரம்பு. உங்கள் போர்டில் இப்போது இருப்பது 200 பின் சுமாருக்கு வரும். நாளை ஜிஎஸ்எம் மாட்யூல் ஒன்று சேர்த்து போனில் மோட்டார் போடும் வசதி கொடுத்தால் வரம்பை முட்டிவிடுவீர்கள். அப்போது காசு கட்ட வேண்டும், இல்லையென்றால் வேறொன்றுக்கு மாற வேண்டும். இரண்டாவது சாஃப்ட்வேரைப் பழகும் நேரம்தான் பெரிய செலவு.

அப்புறம் அந்தக் கிராக் காப்பி. வேண்டாம். ஆல்டியம், ஆர்கேட் மாதிரி சாஃப்ட்வேர்கள் உண்மையிலேயே பிரமாதமானவை. பன்னிரண்டு லேயர் மதர்போர்டு, அதிவேக மெமரி லைன்கள், பத்துப் பேர் ஒரே போர்டில் வேலை செய்வது என்று வந்தால் அங்கே கொடுக்கும் லட்சங்கள் நியாயம்தான். ரிலேயும் டிரான்ஸ்ஃபார்மரும் ஒரு மைக்ரோகன்ட்ரோலரும் இருக்கும் போர்டுக்கு அதில் நூற்றில் ஐந்து பங்குகூடத் தேவைப்படாது. கிராக் காப்பியை எடுத்தால் வைரஸ் பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் சட்டம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 63பி என்ற பிரிவு, திருட்டு சாஃப்ட்வேர் என்று தெரிந்தே பயன்படுத்துபவருக்குக் குறைந்தது 7 நாள் முதல் 3 வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. ஜிஎஸ்டி எண்ணோடு பில் போட்டு விற்கும் ஒரு பொருளின் அடித்தளத்தை அப்படி ஒன்றின்மேல் வைக்காதீர்கள்.

சரி, சாஃப்ட்வேர் முடிவாகிவிட்டது. ஆனால் எந்த சாஃப்ட்வேரை எடுத்தாலும் போர்டு கெட்டுப்போவது ஒரே இடத்தில்தான், ஃபுட்பிரிண்டில். அதாவது பாகத்தின் கால்கள் போர்டில் எந்த வரிசையில், எந்த இடைவெளியில், எவ்வளவு பெரிய ஓட்டையில் உட்கார வேண்டும் என்ற அந்தச் சின்னப் படம்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் 50 டைமர் போர்டு அடித்தேன். ரிலேயை ஓட்ட ஒரு டிரான்சிஸ்டர். லைப்ரரியில் பொதுவாக இருந்த என்பிஎன் சிம்பலை எடுத்துப் போட்டேன், அதன் கால் வரிசை எமிட்டர், பேஸ், கலெக்டர். பொருத்தியது பிசி 547. அதைத் தட்டை முகம் நம்மைப் பார்க்க, கால் கீழே இருக்கப் பிடித்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். நேர் தலைகீழ். ஸ்கிமேட்டிக் சரி, ரூல் செக்கில் ஒரு பிழை இல்லை, போர்டு கண்ணாடி மாதிரி வந்திருந்தது. பவர் கொடுத்தால் சில ரிலே இழுத்தது, சில இழுக்கவில்லை, சில நடுங்கின. தலைகீழாகப் போட்ட டிரான்சிஸ்டரும் கொஞ்சம் வேலை செய்யும், கெயின் மட்டும் மிகக் குறைவு. அதனால்தான் போர்டுக்குப் போர்டு ஒவ்வொரு மாதிரி. காரணம் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. பேஸ் நடுவில் இருப்பதால் 50 டிரான்சிஸ்டரையும் கழற்றித் திருப்பிப் போட்டால் போதுமாக இருந்தது. ஆனால் போர்டின் மேல் அச்சான அரைவட்டப் படம் பழைய திசையிலேயே இருந்ததே! மூன்று மாதம் கழித்து ஒரு போர்டை சர்வீஸ் செய்த பையன் படத்தைப் பார்த்துச் சரியாகவே பொருத்தினான். அந்த போர்டு மறுபடியும் என்னிடமே வந்தது.

கீகேட் லைப்ரரியில் பிசி 547 என்று பெயரோடே சிம்பல் இருக்கிறது, அதை எடுங்கள். 2என் 3904-ஐ மாற்றாகப் போடலாம் என்று கடைக்காரர் சொன்னால், அதன் வரிசை எமிட்டர், பேஸ், கலெக்டர் என்பதை நினைவில் வையுங்கள். 7805-க்கு இன்புட், கிரவுண்டு, அவுட்புட். எல்எம் 317-க்கு அட்ஜஸ்ட், அவுட்புட், இன்புட். பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். 1என் 4007 டையோடின் கால் 0.8 மி.மீ அளவு இருக்கும், ஓட்டை 1.0 அல்லது 1.1 வைக்க வேண்டும். 0.8 ஓட்டை உள்ள ஃபுட்பிரிண்டை எடுத்தால் நூற்றைம்பது போர்டிலும் கால் நுழையாமல் உங்கள் ஆட்கள் திண்டாடுவார்கள்.

அதனால் ஒரு பழக்கத்தை முதல் நாளிலேயே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெயரில் தனி லைப்ரரி ஒன்று. உங்கள் பேனலில் வரும் பாகங்கள் முப்பதோ நாற்பதோதான். ஒவ்வொன்றையும் வெர்னியரில் அளந்து, டேட்டாஷீட்டைப் பார்த்து, அந்த லைப்ரரிக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள். போர்டு அனுப்பும் முன் அதை ஏ4 தாளில் நிஜ அளவில் பிரிண்ட் எடுங்கள். பிரிண்ட் செய்யும்போது தாளுக்குப் பொருத்து என்ற தேர்வை எடுத்துவிட்டு 100 சதவீதம் வையுங்கள், போர்டின் ஒரு ஓரத்தை ஸ்கேல் வைத்து அளந்து சரிபாருங்கள். அப்புறம் தாளைத் தெர்மாகோல் மேல் வைத்து ரிலே, டெர்மினல், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாவற்றையும் குத்திப் பாருங்கள். இன்றைக்கும் நான் இதைச் செய்யாமல் ஒரு போர்டும் அனுப்புவதில்லை.

உங்கள் போர்டில் 415 வோல்ட் வருகிறது என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கீகேட்டில் நெட் கிளாஸ் என்று ஒரு வசதி உண்டு. மூன்று ஃபேஸ், ரிலே கான்டாக்ட் லைன்களை ஒரு வகுப்பாகவும், 5 வோல்ட், 12 வோல்ட் லைன்களை வேறொரு வகுப்பாகவும் பிரித்து, இரண்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று விதி எழுதிவிடலாம். மீறினால் அதுவே கத்தும். மெயின் பக்கத்துக்கும் மைக்ரோகன்ட்ரோலர் பக்கத்துக்கும் நடுவில் நான் 8 மி.மீ-க்குக் குறைவாக விடுவதே இல்லை. மோட்டார் ரூமில் தூசியும் ஈரமும் பல்லிகளும் இருக்கும், அதனால் முடிந்த இடத்தில் நடுவே ஒரு ஸ்லாட்டும் வெட்டச் சொல்வேன். டிராக் அகலத்துக்குப் பயப்பட வேண்டாம். மோட்டார் கரன்ட் கான்டாக்டர் என்ற பெரிய சுவிட்ச் வழியாகப் போகிறது, உங்கள் போர்டின் ரிலே வழியாக ஓடுவது கான்டாக்டர் காயில் கரன்ட் மட்டும். கணக்குக்கு: சாதாரண 35 மைக்ரான் காப்பரில் 10 டிகிரி சூடு ஏறலாம் என்று வைத்தால் 1 ஆம்பியருக்கு 0.3 மி.மீ, 3 ஆம்பியருக்கு 1.4 மி.மீ, 5 ஆம்பியருக்கு 2.8 மி.மீ. கீகேட்டுக்குள்ளேயே இதற்குக் கால்குலேட்டர் இருக்கிறது.

டிராக்குகளைத் தானே போடும் ஆட்டோ ரூட்டர் பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள். கீகேட்டோடு சேர்த்துப் பயன்படுத்த ஃப்ரீ ரூட்டிங் என்று ஒன்று தனியாகக் கிடைக்கிறது. ஆனால் கரன்டை அளக்கும் சிடியிலிருந்து (கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர்) வரும் சின்ன சிக்னலை ரிலே காயில் பக்கத்தில் ஓட்டக் கூடாது என்பது அதற்குத் தெரியாது. உங்கள் டிரை ரன் அளவீடே அந்த சிக்னலில்தான் இருக்கிறது. பாகங்களை நல்ல இடத்தில் வைத்துவிட்டால் இந்த அளவு போர்டைக் கையால் ரூட் செய்ய ஒரு நாள் போதும்.

இப்போது அந்த 15,000. நல்ல டிஜிட்டல் வெர்னியர் ஒன்று வாங்குங்கள். மாதிரி போர்டுகளை இரண்டு மூன்று சுற்று அடிக்கக் கொஞ்சம் ஒதுக்குங்கள், முதல் சுற்றில் பிழை வரத்தான் செய்யும். மீதியில் ஒரு பங்கை, அனுபவம் உள்ள ஒருவர் உங்கள் முதல் போர்டை அனுப்பும் முன் பார்த்துக் கொடுக்கக் கூலியாகக் கொடுங்கள். உங்கள் பழைய வெளியாளே அதற்குச் சரியான ஆளாக இருக்கலாம். வேலைக்கு ஆள் எடுக்கும் எண்ணம் இருந்தால், ஐஐடி பாம்பேயின் ஃபாஸி என்ற திறந்த மூல சாஃப்ட்வேர் திட்டத்தில் வந்த ஈசிம் என்ற கருவியை இன்ஜினியரிங் கல்லூரி மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அது கீகேட்டையும், சர்க்யூட்டைக் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்க்கும் என்ஜிஸ்பைஸையும் சேர்த்து உருவாக்கியது, அதில் பழகியவர்களுக்குக் கீகேட் புதிதாக இருக்காது.

முதல் வேலையாகப் பெரிய போர்டில் கை வைக்காதீர்கள். 12 வோல்ட் உள்ளே, 7805, இரண்டு கெப்பாசிட்டர், ஒரு எல்இடி, ஒரு ரிலே. இதை ஸ்கிமேட்டிக்கிலிருந்து கெர்பர் வரை கொண்டுபோய் ஐந்து போர்டு அடித்து, பொருத்தி, ரிலே சத்தம் கேட்கும்வரை செய்யுங்கள். இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆகும். அது முடிந்ததும், பாகம் பொருத்தாத உங்கள் பழைய போர்டு ஒன்றை ஸ்கேனரில் இரண்டு பக்கமும் ஸ்கேன் எடுங்கள். 7-ஆம் பதிப்பிலிருந்து கீகேட்டில் போர்டுக்குப் பின்னணியாகப் படம் வைக்க முடிகிறது. ஸ்கேனை நிஜ அளவுக்குச் சரிசெய்து, திருகு ஓட்டைகளையும் டெர்மினல்களையும் அதன் மேலேயே வையுங்கள். பேனல் பெட்டியை மாற்ற வேண்டியிருக்காது. சர்க்யூட்டை மட்டும் மல்டிமீட்டர் வைத்து, டிராக் டிராக்காகப் பார்த்து ஸ்கிமேட்டிக்கில் ஏற்றுங்கள். எங்காவது நின்றால் அந்த ஸ்கிமேட்டிக்கை அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.